டெஸாவ் பௌஹவுஸ்: கட்டடத்தை முதலில் பாருங்கள், அருங்காட்சியகத்தைப் பிறகு

பௌஹவுஸ் பார்க்கக் கிளம்புகிறவர்கள் முதலில் ஊரைச் சரியாகப் பிடிக்க வேண்டும். 1919இல் இந்தக் கட்டடக்கலை, வடிவமைப்புப் பள்ளி தொடங்கியது ஜெர்மனியின் வைமாரில். 1933இல் அதன் கதை முடிந்தது பெர்லினில். நடுவில் 1925 முதல் 1932 வரை இருந்த டெஸாவில்தான் பள்ளி தன் கையாலேயே தனக்கொரு வீடு கட்டிக்கொண்டது. பெரிய கண்ணாடிச் சுவரும், மேலிருந்து கீழாக இறங்கும் எழுத்துகளும் கொண்ட அந்தப் பிரபலமான படம் டெஸாவில் எடுத்தது. மூன்று ஊர்களின் பெயரும் பௌஹவுஸோடு ஒட்டிக்கொண்டிருப்பதால், இணையத்தில் சீட்டு வாங்கும்போது ஊர்ப் பெயரை இருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

ஊருக்குள் வந்த பிறகும் ஒரு குழப்பம் உண்டு. பள்ளிக் கட்டடம் ரயில் நிலையத்துக்கு மேற்கே இருக்கிறது. அருங்காட்சியகம் நிலையத்துக்குக் கிழக்கே, நகர மையத்துப் பூங்காவில். ஆசிரியர்கள் குடியிருந்த வீடுகள் பள்ளியிலிருந்து பத்து நிமிட நடையில், பைன் மரங்களுக்கு நடுவில். தொழிலாளர்களுக்காகக் கட்டிய டோர்ட்டன் குடியிருப்பு ஊரின் தென்கோடியில். பார்வையாளர் பணியைக் கவனிப்பது பௌஹவுஸ் டெஸாவ் அறக்கட்டளை. நுழைவுச் சீட்டு இடத்துக்கு இடம் தனி. ஒன்றுக்கு மேல் பார்ப்பவர்கள் கூட்டுச் சீட்டு வாங்குவதே லாபம். வழிகாட்டியுடன் போகும் சுற்றுக்குத் தனிக் கட்டணம்.

அந்தத் தனிக் கட்டணம் கொடுக்கத் தகுந்தது. மற்ற எதைக் குறைத்தாலும் பள்ளிக் கட்டடத்தின் வழிகாட்டிச் சுற்றைக் குறைக்காதீர்கள். சுற்றோடு வராதவர்களுக்குக் கட்டடத்தின் சில முக்கியமான கதவுகள் திறப்பதில்லை என்பது ஒரு காரணம். இந்தக் கட்டடம் தன்னைப் பற்றித் தானே பாடம் எடுப்பதற்காகக் கட்டப்பட்டது, அந்தப் பாடத்தைப் படித்துக் காட்ட ஒருவர் வேண்டும் என்பது அதைவிடப் பெரிய காரணம்.

சுற்று தொடங்குவதற்கு முன்

குறித்த நேரத்துக்கு அரை மணி முன்னதாகப் போய், கட்டடத்தை வெளியிலிருந்து ஒரு முழுச் சுற்று நடந்து வாருங்கள். கோயிலில் பிரகாரம் சுற்றுவது போல நிதானமாக நடக்க வேண்டும். இதற்கு முகப்பு என்று ஒன்று கிடையாது. பள்ளியை நிறுவிய கட்டடக்கலைஞர் வால்டர் குரோப்பியஸ் அப்படித்தான் திட்டமிட்டார்: ஓரிடத்தில் நின்று பார்த்தால் பிடிபடக் கூடாது, சுற்றி நடந்தால்தான் உருவம் மனதில் சேர வேண்டும். மேலிருந்து பார்த்தால் காற்றாடி இறக்கைகள் போல வெவ்வேறு திசைக்கு நீளும் பகுதிகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை, அந்த வேலைக்கு ஏற்ற சன்னல்.

பட்டறைப் பகுதிக்கு மூன்று மாடி உயரத்துக்குக் கண்ணாடித் திரை. வடக்கே இருந்த நகரத் தொழிற்பள்ளிக்குக் கிடைமட்டமாக ஓடும் சன்னல் பட்டைகள். மாணவர் தங்கிய ஐந்து மாடி அறைக் கட்டடத்துக்குத் தனித்தனி சன்னல், கிழக்கே நீட்டிக்கொண்டிருக்கும் சின்னச் சின்ன பால்கனி. பட்டறையையும் தொழிற்பள்ளியையும் இணைக்க, சாலைக்கு மேலே இரண்டு மாடிப் பாலம். சன்னலைப் பார்த்தே உள்ளே என்ன நடந்தது என்று சொல்லிவிடலாம். வெளிச் சுற்றில் பழக வேண்டிய பயிற்சி இதுதான்.

தென்மேற்கு மூலைக்கு வந்ததும் நின்று, கண்ணாடிச் சுவரின் மூலையைக் கவனியுங்கள். அங்கே தூண் இல்லை. பாரம் தாங்கும் கான்கிரீட் தூண்கள் உள்ளே தள்ளி நிற்கின்றன. கண்ணாடியும் அதன் உலோகச் சட்டமும் தரைத்தளங்களின் விளிம்புக்கு முன்னால் திரைச்சீலை மாதிரித் தொங்குகின்றன. இதனால்தான் மூலை வழியாக மறுபக்கம் தெரிகிறது. பாதி நிலத்துக்குள் இறங்கிய அடித்தளத்தின் சுவரும் உள்வாங்கியிருப்பதால் மொத்தப் பெட்டியும் தரையைத் தொடாமல் நிற்பது போன்ற தோற்றம் வருகிறது. சென்னை பழைய மகாபலிபுரம் சாலையில் வரிசையாக நிற்கும் கண்ணாடி அலுவலகங்களுக்கு வம்சாவளி எழுதினால் இந்த மூலை அதில் முன்வரிசையில் வரும்.

படம் எடுக்க நினைப்பவர்களுக்கு வெளிச்சம் பற்றி ஒரு வார்த்தை. பட்டறையின் நீளமான கண்ணாடி முகம் மேற்கு நோக்கியது. காலையில் அது நிழலில் மந்தமாக இருக்கும்; மாலையில்தான் உயிர் பெறும். அந்தி சாய்ந்து உள்ளே விளக்கு எரியத் தொடங்கும் அரை மணி நேரத்தில் தூண்கள், படிகள், தளங்கள் எல்லாம் வெளியே தெரியும். மாணவர் அறைக் கட்டடத்தின் பால்கனிகளுக்கு நேர் எதிர்க் கணக்கு: காலை வெயில்தான் சரி. ஆகவே காலையில் வந்தவுடன் கிழக்குப் பக்கம், மாலையில் ஊர் திரும்பும் முன் மேற்குப் பக்கம். எழுத்துகள் இருப்பது தெற்கு முனையில்; ஹெர்பெர்ட் பேயர் வடிவமைத்தவை.

உள்ளே

சுற்று ஏறக்குறைய ஒரு மணி நேரம். படிக்கட்டில் ஏறும்போதே முதல் பாடம் தொடங்கிவிடும்: வெந்நீர் ஓடும் ரேடியேட்டர் ஒன்று, சன்னலுக்கு அடியில் ஒளிந்திருக்காமல், சுவரில் ஓவியம் மாட்டுவது போல உயரத்தில் மாட்டப்பட்டிருக்கும். சூடாக்கும் கருவிக்கு அது பொருத்தமான இடம் இல்லை. வெப்பக் காற்று மேலேதான் போகும்; கீழே நிற்கிறவருக்குப் பயன் குறைவு. இயந்திரப் பொருளும் காட்சிக்கு உரியதே என்று காட்டத்தான் அப்படிச் செய்தார்கள். பயன்பாட்டுக்கே முதலிடம் என்று பெயர் வாங்கிய பள்ளியில், தோற்றத்துக்காகப் பயன்பாட்டைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்த இடம் என்பதால் இது முக்கியம். வழிகாட்டி சொல்லாமல் நகர்ந்தால் நீங்களே கேளுங்கள்.

அடுத்து வண்ணம். கறுப்பு வெள்ளைப் படங்களில் பழகிய கண்ணுக்கு பௌஹவுஸ் வெள்ளைப் பெட்டியாகத்தான் பதிந்திருக்கும். உள்ளே நிமிர்ந்து பாருங்கள். உத்தரம் ஒரு நிறம், அதற்கு நடுவே உள்ள கூரைப் பரப்பு வேறு நிறம். சுவரோவியப் பட்டறைக்குப் பொறுப்பாக இருந்த ஹின்னெர்க் ஷேப்பர் போட்ட திட்டம் இது: பாரம் சுமப்பது எது, வெறுமனே இடத்தை நிரப்புவது எது என்று வண்ணம் பிரித்துக் காட்ட வேண்டும்.

அரங்கம், மேடை, உணவுக்கூடம் மூன்றும் ஒரே தளத்தில் வரிசையாக இருக்கின்றன. பட்டறைக் கட்டடத்தையும் மாணவர் அறைகளையும் இணைக்கும் தாழ்ந்த பகுதி இது. மேடை நடுவில். ஒரு பக்கம் அரங்கம், மறுபக்கம் மடக்குச் சுவருக்கு அப்பால் உணவுக்கூடம். மடக்குச் சுவரைத் திறந்தால் மூன்றும் ஒரே கூடமாகிவிடும். சாப்பிடுகிற பக்கத்திலிருந்தும் நாடகம் பார்க்கலாம். பள்ளியின் விழாக்கள் பேர்பெற்றவை; அவற்றுக்காகவே யோசித்த ஏற்பாடு. கையேட்டில் படித்தால் இது பிடிபடாது. அரங்கின் பின்வரிசையில் நின்று மேடை வழியாக உணவுக்கூடத்தைப் பார்க்கும்போதுதான் புரியும். சுற்றில் கட்டாயம் உள்ளே போக வேண்டிய இடம் எதுவென்றால் இதைத்தான் சொல்வேன்.

அரங்கின் நாற்காலிகள் மார்செல் பிராயர் வடிவமைத்தவை: வளைத்த எஃகுக் குழாய், மடங்கும் இருக்கை, இறுக்கிக் கட்டிய துணி. சைக்கிளின் கைப்பிடியைப் பார்த்துத்தான் குழாயை வளைத்து நாற்காலி செய்யும் எண்ணம் பிராயருக்கு வந்தது. துணிக்கு ஜெர்மன் மொழியில் "இரும்பு நூல்" என்று பெயர். இரும்பு அதில் கிடையாது. மெழுகேற்றி முறுக்கிய பருத்தி நூல். சாதாரணப் பருத்தி என்றால் உட்கார உட்காரத் தொய்ந்துவிடும், இது தொய்யாது. மேலே குழாய் விளக்குகள் மாக்ஸ் கிராயெவ்ஸ்கி செய்தவை. நாற்காலி, விளக்கு, வண்ணம், எழுத்து எல்லாமே பள்ளியின் ஆட்கள் கையால் வந்தவை. 1925 இலையுதிர்காலத்தில் வேலை தொடங்கி 1926 டிசம்பர் 4 அன்று திறப்பு விழா நடத்திவிட்டார்கள். இவ்வளவு பெரிய கட்டடத்துக்கு ஓராண்டும் சில மாதங்களும்தான்.

பாலத்தில் இயக்குநரின் அறை. குரோப்பியஸ் 1928 வரையிலும், பிறகு ஹானஸ் மேயர் 1930 வரையிலும், கடைசியாக மீஸ் வான் டெர் ரோ மூடும்வரையிலும் இயக்குநர்கள். சன்னலிலிருந்து கீழே சாலையில் வருவோர் போவோர் தெரிவார்கள். அறை சின்னது, ஆட்கள் அதிகமான சுற்றில் கடைசியாக நுழைகிறவர் கதவருகிலேயே நின்று திரும்ப வேண்டியிருக்கும். முன்னால் நின்றுகொள்ளுங்கள்.

பட்டறைத் தளத்துக்கு வந்ததும் கண்ணாடிச் சுவரை உள்ளிருந்து பார்க்கலாம். வரிசையாக உள்ள சிறு சன்னல்களை ஒன்றாகத் திறக்க ஒரு சக்கரமும் சங்கிலியும். ஒருவர் இழுத்தால் ஒரு வரிசை முழுதும் சாய்ந்து திறக்கும். அழகான இயந்திரம், ஆனால் அது தீர்க்க முயன்ற சிக்கல் தீரவில்லை. மேற்கு வெயில் என்றால் என்னவென்று நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. மூன்று மாடி உயரத்துக்கு ஒற்றைக் கண்ணாடியை மேற்கே நிறுத்தினால் கோடையில் உள்ளே கொதிக்கும். குளிர்காலத்தில் அதே ஒற்றைக் கண்ணாடி வழியாக வெப்பம் வெளியேறிவிடும். தறி ஓட்டியவர்களும் உலோகம் தட்டியவர்களும் இதை அனுபவித்தார்கள். திரைச்சீலை போட்டுச் சமாளித்தார்கள். நல்ல வழிகாட்டி இதை மறைக்க மாட்டார். பெரும்பாலும் சக்கரத்துக்குப் பக்கத்தில் நிறுத்தி இதைத்தான் விளக்குவார்கள்.

இன்னொன்றையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: எது பழையது, எது புதியது? 1945 மார்ச்சில் நடந்த குண்டுவீச்சில் பட்டறைப் பகுதி எரிந்தது. கண்ணாடி போன இடத்தில் பிறகு செங்கல் சுவரும் சின்ன சன்னல்களும் வந்தன. 1976இல், திறப்பின் ஐம்பதாம் ஆண்டுக்காக, கிழக்கு ஜெர்மனி அரசு கண்ணாடிச் சுவரை மீட்டது. முதலில் எஃகுச் சட்டமாக இருந்ததை அப்போது அலுமினியத்தில் செய்தார்கள். 1996இல் தொடங்கி 2006 வரை நடந்த பெரும் பழுதுபார்ப்பில் அந்த 1976 அடுக்கையும் வரலாறாகக் கருதி வைத்துக்கொண்டார்கள். 1926இன் பொருளைத் தொட்டுப் பார்க்கிறோம் என்று நினைத்து அலுமினியத்தைத் தடவிவிட்டு வருகிறவர்கள் நிறையப் பேர்.

மொழி ஒரு தடை. தினசரிச் சுற்றுகளில் பெரும்பாலானவை ஜெர்மன் மொழியில்தான். ஆங்கிலச் சுற்று குறைவு; அது எந்த நாளில் என்று பார்த்துவிட்டுப் பயணத்தையே அந்த நாளுக்கு மாற்றுவது உத்தமம். ஆங்கிலச் சுற்று கிடைக்கவில்லை என்றால் ஜெர்மன் சுற்றில் சேர்ந்துகொள்ளலாம், கதவுகளாவது திறக்கும். ஆறேழு பேராக வருகிறவர்கள் முன்பதிவு செய்து தனிக் குழுச் சுற்று கேட்பதே நல்லது. வேகத்தையும் கேள்விகளையும் நீங்கள் தீர்மானிக்கலாம்.

உரைகளும் இன்றைய பள்ளியும்

இந்தக் கட்டடம் இறந்துபோன அருங்காட்சிப் பொருள் அல்ல. பக்கத்திலேயே அன்ஹால்ட் பயன்முறை அறிவியல் பல்கலைக்கழகத்தின் டெஸாவ் வளாகம். கட்டடக்கலையும் வடிவமைப்பும் அங்கே இன்றும் கற்பிக்கிறார்கள். ஆங்கிலவழி முதுநிலைக் கட்டடக்கலைப் படிப்பு இருப்பதால் இந்திய மாணவர்களும் இங்கே உண்டு. அறக்கட்டளை நடத்தும் உரைகள், கருத்தரங்குகள், மேடை நிகழ்ச்சிகள் ஒரு பக்கம். பல்கலைக்கழகத்தின் பருவ உரைகளும் மாணவர் படைப்புக் காட்சிகளும் இன்னொரு பக்கம். இரண்டுக்கும் தனித்தனி நிகழ்ச்சி நிரல். ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு "அந்த வாரம் ஒன்றும் இல்லை" என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

உரை கேட்க விரும்புகிறவர்கள் குளிர்காலப் பருவத்தில், அக்டோபருக்கும் பிப்ரவரிக்கும் இடையில் வருவது மேல். கோடையில் பயணிகள் கூட்டம் அதிகம், வகுப்புகள் குறைவு. பருவ முடிவில் மாணவர்கள் தங்கள் வரைபடங்களையும் மாதிரிகளையும் பார்வைக்கு வைக்கும் நாட்கள், கட்டடக்கலை படிக்க ஆசைப்படும் பிள்ளைகளைக் கூட்டிவரச் சிறந்தவை. பளபளப்பான இறுதிப் படத்தைவிட, அட்டையில் வெட்டி ஒட்டிய வேலை மாதிரிகளைப் பார்க்கச் சொல்லுங்கள். எங்கே மனம் மாறியது, எதை வெட்டி எறிந்தார்கள் என்பது அதில்தான் தெரியும். உரை பள்ளிக் கட்டடத்தின் அரங்கில் நடந்தால் இரட்டை லாபம்: சுற்றில் எட்டிப் பார்த்துவிட்டு நகரும் அந்தக் குழாய் நாற்காலியில் முழு உரைக்கும் உட்காரலாம். மெலிந்த துணி இருக்கை என்பதால் முதுகுவலி உள்ளவர்கள் ஓர வரிசையில் உட்கார்ந்தால் எழுந்து நிற்க வசதி.

கண்காட்சிகளில் ஒன்றை மட்டும் நினைவுபடுத்துகிறேன். 1922 டிசம்பரில், பள்ளி வைமாரில் இருந்தபோதே, கல்கத்தாவில் இந்தியக் கீழைக் கலைச் சங்கம் நடத்திய கண்காட்சிக்குப் பள்ளியின் ஆசிரியர்களான ஓவியர்கள் கிளே, காண்டின்ஸ்கி, ஃபைனிங்கர், இட்டன் ஆகியோரின் படைப்புகள் கப்பலேறி வந்தன. ஏற்பாட்டில் முன்நின்றவர் அப்போது இந்தியாவில் இருந்த கலை வரலாற்றாசிரியர் ஸ்டெல்லா கிராம்ரிஷ். அந்த நிகழ்வைப் பற்றி 2013இல் டெஸாவில் ஒரு தனிக் கண்காட்சியே வைத்தார்கள். பௌஹவுஸை ஐரோப்பியக் கதையாக மட்டும் சொல்லாமல் இப்படித் திறந்து காட்டும் தற்காலிகக் கண்காட்சிகளே அறக்கட்டளையின் சிறந்த வேலை. நிலையான காட்சியைவிட இவற்றுக்கு நேரம் ஒதுக்கலாம்.

ஆசிரியர் வீடுகள்

எபெர்ட் சாலையில், பைன் மரங்களுக்கு நடுவே, 1926இல் முடிந்த நான்கு கட்டடங்கள். குரோப்பியஸுக்குத் தனி வீடு. மற்றவர்களுக்கு மூன்று இரட்டை வீடுகள்: மொஹோலி-நாகியும் ஃபைனிங்கரும், மூகேயும் ஷ்லெம்மரும், காண்டின்ஸ்கியும் கிளேயும். இரட்டை வீட்டின் ரகசியம் ஒரே வரைபடம்தான்: ஒரு பாதியைக் கண்ணாடியில் பார்ப்பது போல் திருப்பி, தொண்ணூறு பாகை சுழற்றி மறுபாதியோடு ஒட்டினால் வெளியிலிருந்து இரண்டும் வேறு வேறு வீடாகத் தெரியும். இதை முன்கூட்டித் தெரிந்துகொண்டு உள்ளே போனால், ஒரு பாதியில் பார்த்த படிக்கட்டை மறுபாதியில் தேடுவது நல்ல விளையாட்டு.

நேரம் குறைவென்றால் காண்டின்ஸ்கி–கிளே வீடு போதும். 2019இல் பழுதுபார்த்துத் திறந்தது. காண்டின்ஸ்கியின் உணவறையில் ஒரு சுவர் கறுப்பு. வரவேற்பறையில் இளஞ்சிவப்புச் சுவர்களுக்கு நடுவே தங்கத் தகடு ஒட்டிய ஒரு மாடம். நவீனக் கட்டடக்கலை வெள்ளை என்ற நம்பிக்கை இங்கே முழுதாகக் கரைந்துவிடும். அறைகளில் அறைகலன்கள் அதிகம் இல்லை, அது குறை என்று சிலர் நினைக்கிறார்கள். இங்கே பார்க்க வேண்டியது வண்ணம். மேசை நாற்காலி போட்டால் அது மறையும்.

குரோப்பியஸ் வீடும் மொஹோலி-நாகியின் பாதியும் 1945இல் அழிந்தன. குரோப்பியஸ் வீட்டின் அடித்தளத்தின் மேல் 1950களில் ஓட்டுக்கூரை வீடு ஒன்று வந்தது. 2014இல் புரூனோ ஃபியோரெத்தி மார்க்கேஸ் அலுவலகம் அந்த இரண்டையும் மீட்டுக் கட்டியது, ஆனால் நகல் எடுக்காமல்: அதே பருமன், அதே திறப்புகள், ஆனால் விவரங்கள் எல்லாம் மங்கிய கான்கிரீட் உருவம், சுவரோடு சமமாகப் பால் நிறக் கண்ணாடி. நினைவு மங்குவதுபோல வீடும் மங்க வேண்டும் என்பது யோசனை. துணிச்சலான, சரியான முடிவு. போலிப் பழமை கட்டுகிற இடங்களில் எல்லாம் காட்ட வேண்டிய எடுத்துக்காட்டு இது. தெரு முனையில் மீஸ் வடிவமைத்த சின்னக் கடையும் மீண்டும் கட்டப்பட்டிருக்கிறது. சுவரில் வெட்டிய ஒரு துளை மாதிரி இருப்பதால் கவனிக்காமல் கடந்துவிடுவார்கள். ஃபைனிங்கர் பாதியில், இதே ஊரில் 1900இல் பிறந்த இசையமைப்பாளர் குர்ட் வைல் பெயரில் மையம் இயங்குகிறது.

அருங்காட்சியகம்

2019 செப்டம்பர் 8 அன்று திறந்தது. பார்சிலோனாவின் அடெண்டா அலுவலகத்தின் வடிவமைப்பு: கண்ணாடிப் பெட்டிக்குள் தூக்கி நிறுத்திய 100 மீட்டர் நீளக் கறுப்புக் கான்கிரீட் பெட்டி. கீழ்த்தளம் திறந்த மேடை, நகரத்துக்குச் சொந்தம். மேலே கறுப்புப் பெட்டியில் சேகரிப்பு. துணியும் காகிதமும் வெளிச்சம் பட்டால் வெளுக்கும் என்பதால் அங்கே சன்னல் கிடையாது. ஏறக்குறைய 49,000 பொருள்கள் கொண்ட சேகரிப்பிலிருந்து ஒரு பகுதி காட்சிக்கு.

இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். அருங்காட்சியகம் நகர மையத்தில் இருப்பதால் அதை முதலில் முடித்துவிட்டுப் பள்ளிக் கட்டடத்துக்குப் போகிறார்கள். அடர்த்தியான காட்சி, இரண்டு மணி நேரம் பெயர்களும் மாதிரிகளும் பயிற்சித் தாள்களும் பார்த்துக் கண் களைத்த பிறகு கட்டடத்தில் நுழைந்தால் ஒன்றும் ஏறாது. தலைகீழாகச் செய்யுங்கள். அரங்கத்தில் அந்த நாற்காலியைப் பார்த்தவருக்குத்தான் அருங்காட்சியகத்தில் அதன் முன்மாதிரி ஏதோ சொல்லும். நெசவுப் பட்டறையின் துணி மாதிரிகள், அந்தப் பட்டறைக்குத் தலைமை தாங்கிய குன்ட்டா ஷ்டோல்ட்ஸலின் வேலைகள் ஆகியவற்றுக்கு நேரம் மீதி வையுங்கள். அவற்றைத்தான் அவசரத்தில் தவறவிடுகிறார்கள்.

டோர்ட்டன்

கட்டடக்கலை மாணவர்கள், வீடு கட்டுவதில் ஆர்வம் உள்ளவர்கள் இதைத் தவறவிடக் கூடாது. மற்றவர்கள் விட்டுவிடலாம். டிராமில் தெற்கே போக வேண்டும்; நடக்கும் தூரம் இல்லை. 1926 முதல் 1928 வரை கட்டிய 314 வரிசை வீடுகள், ஒவ்வொன்றுக்கும் பின்னால் காய்கறி போடத் தோட்டம். உலைக் கசடு சேர்த்த கான்கிரீட் கற்களைக் கட்டுமிடத்திலேயே வார்த்து, தண்டவாளம் போட்டுப் பளுதூக்கியால் உத்தரங்களை ஏற்றி, தொழிற்சாலை வரிசை மாதிரி வீடு கட்டினார்கள். விலை குறைந்தது, குறைகளும் வந்தன. குடியிருந்தவர்கள் முதலில் கை வைத்தது சன்னலில். இன்று தெருவில் நடந்தால் ஒவ்வொரு வீட்டு முகமும் ஒவ்வொரு மாதிரி: சன்னல் மாற்றியது, கதவு மாற்றியது, ஓடு பதித்தது. அவற்றுக்கு நடுவே பழைய முகத்தோடு ஒன்றிரண்டு. ஒரே மாதிரி வீடு மனிதர்கள் கையில் என்னவாகிறது என்பதற்கு இதைவிட நேர்மையான கண்காட்சி கிடையாது. வீடுகளில் ஆட்கள் குடியிருக்கிறார்கள், வேலிக்கு மேல் எட்டிப் பார்த்துப் படம் எடுக்காதீர்கள்.

கொஞ்சம் தள்ளி ஹானஸ் மேயரின் துறை 1930இல் கட்டிய நடைவழிக் குடியிருப்புகள்: ஐந்து செங்கல் கட்டடங்கள், 90 குடியிருப்புகள், ஒவ்வொன்றும் 48 சதுர மீட்டர் அளவு. படிக்கட்டை வெளியே ஒதுக்கி, நீண்ட திறந்த நடைவழியிலிருந்து ஒவ்வொரு வீட்டுக்கும் வாசல். நம் ஊர் வீட்டுவசதி வாரியக் குடியிருப்புகளில் பார்த்துப் பழகிய அதே நடைவழிதான். ஆடம்பரத் தேவைக்கு முன் மக்கள் தேவை என்று மேயர் சொன்னதன் கட்டட வடிவம். யுனெஸ்கோ 1996இல் பள்ளியைப் பட்டியலில் சேர்த்தது. இவை 2017இல்தான் சேர்ந்தன. ஒரு குடியிருப்பைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்து சுற்றில் காட்டுகிறார்கள். குரோப்பியஸின் கண்ணாடிச் சுவருக்கு நேர் எதிர்த் துருவம்: படத்தில் ஒன்றும் தெரியாது, உள்ளே நின்றால் வாழலாம் என்று தோன்றும்.

தங்குவது, வருவது

மாணவர் அறைக் கட்டடத்தில் மொத்தம் 28 அறைகள். சிலவற்றில் இரவு தங்க விடுகிறார்கள். விடுதி வசதியை எதிர்பார்க்காதீர்கள். குளியலறையும் கழிப்பறையும் பொது, தொலைக்காட்சி கிடையாது. சிறு குழந்தைகளோடும், இரவில் அடிக்கடி எழ வேண்டிய பெரியவர்களோடும் வருகிறவர்கள் நிலையத்துக்குப் பக்கத்தில் வேறு விடுதி எடுப்பது நல்லது. மற்றவர்களுக்கு இது தவறவிடக் கூடாத வாய்ப்பு: பகல் கூட்டம் போன பின் கண்ணாடிச் சுவரில் விளக்கு எரிவதை வெளியே நின்று நிதானமாகப் பார்த்துவிட்டு, அதே கட்டடத்தில் போய்ப் படுக்கலாம். பால்கனி உள்ள அறை வேண்டுமென்று பதிவு செய்யும்போதே கேளுங்கள்.

பெர்லினிலிருந்து வட்டார ரயிலில் ஒன்றே முக்கால் மணி நேரம் அளவில், லைப்சிகிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள். ஜெர்மனியில் படிக்கும், வேலை பார்க்கும் நம்மவர்கள் வைத்திருக்கும் மாதாந்திர ஜெர்மனிச் சீட்டு இந்த ரயில்களில் செல்லும். பாதையில் பராமரிப்பு வேலை என்று ரயிலை நிறுத்திப் பேருந்து விடுவது அடிக்கடி நடக்கும். முதல் நாள் இரவே செயலியில் பாருங்கள், சுற்று தொடங்கும் நேரத்துக்கு ஒரு ரயில் முன்னதாக வாருங்கள். டெஸாவ் நிலையத்தில் மேற்கு வாசலில் வெளியேறினால் பத்து நிமிடத்துக்குள் பள்ளி. கிழக்கு வாசலில் இறங்கிவிட்டால் நகர மையத்துக்குப் போய்விடுவீர்கள். 10ஆம் எண் பேருந்து பௌஹவுஸ் இடங்களை இணைக்கிறது. குளிர்காலத் திங்கட்கிழமைகளையும், நான்கு மணிக்கே இருட்டிவிடும் டிசம்பரில் பிற்பகல் வருகையையும் தவிருங்கள். ஆசிரியர் வீடுகளின் வண்ணத்துக்குப் பகல் வெளிச்சம் கட்டாயம்.

ஒரே நாள்தான் உண்டு என்றால் வரிசை இப்படி: காலையில் மேற்கு வாசல் வழியாக வந்து வெளிச் சுற்று, பிறகு பள்ளிக் கட்டடத்தின் வழிகாட்டிச் சுற்று, கட்டடத்தின் உணவகத்தில் மதிய உணவு, வெளிச்சம் இருக்கும்போதே காண்டின்ஸ்கி–கிளே வீடு, பிறகு பேருந்தில் அருங்காட்சியகம், மாலை வெயில் சாயும் நேரத்துக்கு மீண்டும் பள்ளியின் தென்மேற்கு மூலை. அங்கிருந்து நிலையம் நடக்கிற தூரம்தான். இரண்டாவது நாள் கிடைத்தால் காலையில் டோர்ட்டன். மதியத்துக்கு எல்பே ஆற்றங்கரையில் கார்ல் ஃபீகர் 1930இல் கட்டிய கோர்ன்ஹவுஸ் உணவகம், அரைவட்டக் கண்ணாடிக் கூடத்தில் ஆற்றைப் பார்த்த மேசையாகக் கேட்டு வாங்குங்கள்.